முதலில் இரைச்சல், அப்புறம்தான் ஸ்டேஷன்

ஒற்றை டிரான்சிஸ்டர் எஃப்எம் ரேடியோ செய்து, வேலை செய்யவில்லை என்று யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "ஸ்பீக்கர்ல உஸ்ஸுன்னு இரையுதா?" இரைகிறது என்றால் முக்கால்வாசி வேலை முடிந்தது. இரையவில்லை என்றால் ஸ்டேஷன் தேடத் திருப்பும் சின்ன கண்டன்சரான டிரிம்மரை எத்தனை சுற்று சுற்றினாலும் பயனில்லை.

தங்கச்சி மகள் பாலிடெக்னிக்கில் இசிஇ படிக்கிறாள். லீவுக்கு வத்தலக்குண்டு வந்தவள் பிரெட்போர்டில் ஒரு செட்டை மாட்டிக் கொண்டுவந்திருந்தாள். பிஎஃப் 494 டிரான்சிஸ்டர் ஒன்று, ஐந்து சுற்றுக் காயில் (கம்பிச் சுருள்), 22 பிகோஃபாரட் டிரிம்மர், பின்னால் எல்எம் 386 ஆம்பிளிஃபயர் ஐசி, ஒன்பது வோல்ட் பேட்டரி. "படத்துல இருக்க மாதிரியே மாட்டிருக்கேன் மாமா, மூச்சே விடமாட்டேங்குது" என்றாள்.

இது சூப்பர் ரீஜெனரேட்டிவ் வகை. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1922-இல் காப்புரிமை வாங்கிய சர்க்யூட். 1933-இல் எஃப்எம்முக்குக் காப்புரிமை வாங்கியவரும் அதே மனிதர்தான். இதில் டிரான்சிஸ்டர் ஆசிலேட் ஆகத் (தானாகவே அலை எழுப்பத்) தொடங்கும், உடனே அணையும், மறுபடி தொடங்கும். நொடிக்குப் பல்லாயிரம் தடவை இப்படி நடக்கும். ஏரியலில் சிக்னல் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சீக்கிரம் எழும். சிக்னல் இல்லாவிட்டால் சர்க்யூட்டில் எப்போதும் இருக்கும் இரைச்சலைப் பிடித்துக்கொண்டு எழும். அந்த இரைச்சல்தான் ஸ்பீக்கரில் உஸ்ஸென்று கேட்பது. ஒரே ஒரு டிரான்சிஸ்டரை வைத்து இவ்வளவு வேலை வாங்கிய மூளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்புத்தான்.

முதலில் செட்டை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரின் இரும்பில் விரலை வைத்துக்கொண்டு எல்எம் 386-இன் மூன்றாவது காலைத் தொட்டேன். 'ம்ம்ம்' என்று வீட்டு கரண்டின் 50 ஹெர்ட்ஸ் கேட்டது. ஆம்பிளிஃபயர் நன்றாக இருக்கிறது, கோளாறு முன்பாதியில். (இந்த இடத்தில் சிலருக்கு 'டுப் டுப் டுப்' என்று அடிக்கும். பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது சப்ளைக்குக் குறுக்கே 220 மைக்ரோ கண்டன்சரும் 104 என்று அச்சடித்த சின்ன கண்டன்சரும் போடாமல் விட்டிருப்பார்கள்.)

முன்பாதியில் டிரான்சிஸ்டரின் கால்களைப் பார்த்தேன். எல்லோரும் பழகிய பிசி 547 டிரான்சிஸ்டருக்கு நடுக்கால் பேஸ், பிஎஃப் 494-க்கு நடுக்கால் எமிட்டர். பழக்கதோஷத்தில் நிறையப் பேர் மாற்றிச் செருகுவார்கள். இவள் சரியாகத்தான் செருகியிருந்தாள். காயில் கம்பியின் முனைகளில் எனாமலையும் பளபளவென்று சுரண்டியிருந்தாள். அடுத்து, கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவில் இருந்த சிராமிக் கண்டன்சரைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். மேலே 472 என்று அச்சடித்திருந்தது.

படத்தில் கேட்டிருந்தது 4.7 பிகோ. 472 என்றால் 47-க்குப் பின்னால் இரண்டு சைபர், 4700 பிகோ. ஆயிரம் மடங்கு! கடையில் இவள் "நாலு புள்ளி ஏழு" என்று கேட்டிருக்கிறாள், அவர்கள் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். நூறு மெகாஹெர்ட்ஸில் 4700 பிகோ என்பது கம்பியை வைத்து ஷார்ட் பண்ணியது மாதிரி. டிரான்சிஸ்டர் எப்படி எழும்? என் டப்பாவில் கிடந்த 4.7-ஐப் போட்டதும் உஸ்ஸென்று இரைந்தது. அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இரைச்சல் வந்தது, ஸ்டேஷன் வரவில்லை. இங்கேதான் பலர் சலித்துப்போய்த் தூக்கிப் போடுகிறார்கள். செட் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள மீட்டர் எதுவும் வேண்டாம், ஒரு சாதாரண பாக்கெட் ரேடியோ போதும். பக்கத்தில் வைத்து 88-லிருந்து 108 வரை மெதுவாகத் திருப்புங்கள். நம் செட் ஆசிலேட் ஆகிற இடம் வந்தால் பாக்கெட் ரேடியோவின் சத்தம் மாறி கரகரவென்று ஆகும். திருப்பிப் பார்த்தோம், எங்கேயும் இல்லை. அதாவது நம் செட் 88-க்குக் கீழே கிடக்கிறது.

காரணம் ஜம்பர் வயர். காயிலை போர்டின் ஒரு மூலையிலும் டிரிம்மரை மறு மூலையிலும் வைத்து, அழகாக வளைத்து வயர் இழுத்திருந்தாள். பத்து சென்டிமீட்டர் வயரின் இண்டக்டன்ஸ் கிட்டத்தட்ட 0.1 மைக்ரோ ஹென்றி. எட்டு மில்லி டிரில் பிட்டில் சுற்றிய அந்த ஐந்து சுற்றுக் காயிலே 0.14 பக்கம்தான். வயரே இன்னொரு காயிலாக நிற்கிறது! போதாததற்கு பிரெட்போர்டின் பக்கத்துப் பக்கத்து வரிசைகள் தமக்குள் சில பிகோ வைத்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் செட் கீழேதான் இறங்கும். வயரை எல்லாம் எடுத்துவிட்டு, காயிலையும் டிரிம்மரையும் டிரான்சிஸ்டரின் காலோடு ஒட்டினாற்போல் வைத்தோம். டிரிம்மரைச் சுற்றிக்கொண்டே பாக்கெட் ரேடியோவில் தேடினால் 90 பக்கம் அகப்பட்டது. காயிலின் சுற்றுகளை நகத்தால் கொஞ்சம் விரித்தோம், மேலே ஏறியது. விரித்தால் மேலே, நெருக்கினால் கீழே. இதை விரலால் ஒருமுறை செய்து பார்த்தவர்களுக்கு ரெசனன்ஸ் ஃபார்முலா ஆயுசுக்கும் மறக்காது.

ஏரியலாக அவள் மாட்டியிருந்த இரண்டு மீட்டர் வயரையும் முழங்கை நீளத்துக்கு வெட்டினேன். நீள ஏரியல் டேங்கின் (காயிலும் டிரிம்மரும் சேர்ந்த ஜோடியின்) பலத்தை உறிஞ்சும், இரைச்சல் அங்கங்கே செத்துச் செத்துப் போகும். டிரிம்மரைத் திருப்ப ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், மூங்கில் குச்சியைச் சீவிக்கொள்ளுங்கள். இரும்பு கிட்டே வந்தாலே ஸ்டேஷன் ஓடிவிடும்.

திருப்பிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். இரைச்சல் அடங்கி, கொடைக்கானல் வானொலியின் கோடை பண்பலை 100.5. மலையடிவாரத்தில் இருக்கிற எங்களுக்கு அதுதான் முதலில் வரும். ஆனால் கொஞ்சம் தள்ளினால் அதே பாட்டு மறுபடி வருகிறது, நடுவில் சத்தம் அமுங்குகிறது. "இது என்ன கோளாறு மாமா?" என்றாள். கோளாறே இல்லை. இந்த செட்டில் எஃப்எம்முக்கென்று தனி டிடெக்டர் கிடையாது. டேங்கின் சரிவில் ஸ்டேஷனை உட்காரவைத்துத்தான் பாட்டைப் பிரிக்கிறோம். இந்தப் பக்கம் ஒரு சரிவு, அந்தப் பக்கம் ஒரு சரிவு. எது தெளிவாக இருக்கிறதோ அதில் வைத்துக் கேட்க வேண்டியதுதான்.

ஒன்று மட்டும் பாக்கி. பாக்கெட் ரேடியோவில் கரகரத்தது போலவே அக்கம்பக்கத்தார் ரேடியோவிலும் இது கரகரக்கும். அதனால் ஏரியலுக்கும் இந்த டிரான்சிஸ்டருக்கும் நடுவில் இன்னொரு பிஎஃப் 494-ஐ ஆர்எஃப் ஸ்டேஜாக, அதாவது ஆசிலேஷன் ஏரியல் வழியே வெளியே போகாமல் மறிக்கும் தடுப்பாக, போடச் சொல்லியிருக்கிறேன், இம்முறை பிரெட்போர்டில் இல்லை, காப்பர் போர்டில். துண்டு போர்டும் நாலைந்து 4.7 பிகோவும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். முடித்ததும் அந்தப் படத்தையும் இங்கே போடுகிறேன்.