ரேம் பத்தலன்னு வந்தா மொதல்ல சி டிரைவ பாருங்க

பொங்கல் முடிஞ்சா நம்ம கிருஷ்ணகிரி பக்கம் எருது விடற சீசன். பர்கூர், வேப்பனப்பள்ளி, காவேரிப்பட்டினம்னு எங்க போனாலும் ஃப்ளெக்ஸ் தான், ஒரு பக்கம் காளை, அதுக்கு பேரு, பட்டம், கீழ ஊர் பசங்க மூஞ்சி வரிசையா. டிசைன் பண்றவனுக்கு தூக்கமே கெடையாது. கரெக்டா அந்த நேரம் பாத்து தான் போட்டோஷாப்ல ‘நாட் எனஃப் ரேம்’னு ஒரு பொட்டி வந்து நிக்குது, ஓகே குடுத்தா திரும்பவும் அதே பொட்டி.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சதால கடைங்கள்ல நெறைய பேர் 11க்கு மாத்துனாங்க, மாத்துன பிறகு தான் இந்த தலைவலி. உடனே எல்லாரும் சொல்றது ஒன்னே ஒன்னு, ரேம் போடு. நான் வேல செய்யற ஃப்ளெக்ஸ் கடை அண்ணனும் அதே தான், “தம்பி, இன்னொரு ரேம் போட்டா சரியாயிடுமாம், சொல்லிடட்டா?”ன்னாரு. “இருங்கண்ணா, மொதல்ல ஒரு தடவ பாத்துடறேன்”னு சொல்லி டாஸ்க் மேனேஜர தொறந்தேன். ரேம் விலை வேற இப்ப ஏறிக் கெடக்கு, சும்மா வாங்கி சொருகறதுக்கு இல்ல.

பர்ஃபார்மன்ஸ் டேப்ல மெமரிய அழுத்துனா மேல கிராஃப் ஓடும், எல்லாரும் அத மட்டும் பாத்துட்டு மூடிடுவாங்க. அதுல ரேம் இன்னும் காலியா தான் காட்டுச்சு. கீழ சின்னதா ‘கமிட்டட்’னு ஒன்னு இருக்கும், விஷயமே அங்க தான். 7.6/7.8 ஜிபின்னு நின்னுச்சு. கமிட்டட்ங்கறது பஸ்ல துண்டு போட்டு எடம் புடிச்ச கணக்கு, ஆள் இன்னும் உக்காரல, ஆனா சீட்டு போயிடுச்சு. அந்த ரெண்டாவது நம்பர் தான் லிமிட்டு, ரேமும், ரேம் பத்தாதப்ப விண்டோஸ் டிஸ்க்ல எடுத்துக்கற பேஜ் ஃபைலும் சேந்து வர்ற கணக்கு. 8 ஜிபி ரேம் உள்ள சிஸ்டத்துல லிமிட்டு 7.8ன்னா என்ன அர்த்தம், பேஜ் ஃபைலே இல்லன்னு அர்த்தம். அப்கிரேடு பண்ணிக் குடுத்தவரு எஸ்எஸ்டி ஆயுசு கொறையும்னு அத ஆஃப் பண்ணி வெச்சுட்டு போயிருக்காரு. நல்ல எண்ணம் தான், ஆனா டிசைன் சிஸ்டத்துல செய்யக்கூடாத வேல.

சரி பண்றது சுலபம், சர்ச்ல அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்னு தேடி, பர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், மறுபடி அட்வான்ஸ்டு, விர்ச்சுவல் மெமரி சேஞ்ச், அங்க மேலயே ‘ஆட்டோமேட்டிக்’னு ஒரு டிக் இருக்கும், அத போட்டு ரீஸ்டார்ட். ஆனா டிக் போட்டா மட்டும் பத்தாது, பேஜ் ஃபைல் வளர்றதுக்கு சி டிரைவ்ல எடம் வேணும்ல. அங்க போய் பாத்தா செவப்பு கோடு, எடமே இல்ல. அப்கிரேடு ஆனா பழைய விண்டோஸ் மொத்தமும் ‘விண்டோஸ் டாட் ஓல்ட்’ங்கற ஃபோல்டர்ல அப்படியே ஜிபி கணக்குல உக்காந்துருக்கும், வழக்கமா 10 நாள் கழிச்சு தானா போகும். அவசரம்னா செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ்ல போய் பழைய இன்ஸ்டலேஷன டிக் பண்ணி அழிக்கலாம், அழிச்சுட்டா விண்டோஸ் 10க்கு சுலபமா திரும்பிப் போற வழி போச்சு, அதனால டாங்கிள் (சாஃப்ட்வேர் லைசன்ஸுக்கு சொருகறது), பிரிண்டர், டிரைவர் எல்லாம் ஓடுதான்னு பாத்துட்டு கை வைங்க.

அப்படியே டெம்ப் ஃபோல்டரயும் பாத்துடுங்க. போட்டோஷாப் நடுவுல செத்துப் போச்சுன்னா ‘போட்டோஷாப் டெம்ப்’னு ஆரம்பிச்சு பின்னாடி நம்பரோட ஃபைலு கெடக்கும், ஒன்னொன்னும் பல ஜிபி. போட்டோஷாப்ப மூடிட்டு அழிங்க.

ஸ்க்ராட்ச் டிஸ்க், அதாவது ரேம் பத்தாதப்ப போட்டோஷாப் தனியா டிஸ்க்ல எடுத்துக்கற எடம், அது தனி கதை. சி டிரைவ்லயே விண்டோஸ், பேஜ் ஃபைல், ஸ்க்ராட்ச் மூனும் சண்ட போட்டா யாருக்கும் எடம் கெடைக்காது. வேற எஸ்எஸ்டி இருந்தா பிரிஃபரன்ஸஸ்ல போய் அங்க மாத்திடுங்க. ஸ்க்ராட்ச் ஃபுல்லுன்னு சொல்லி போட்டோஷாப் தொறக்கவே மாட்டேங்குதா, கன்ட்ரோலும் ஆல்ட்டும் அழுத்திப் புடிச்சுட்டே தொறங்க, எந்த டிரைவுன்னு கேக்கும். இன்னொன்னு, கீழ ஸ்டேட்டஸ் பார்ல ‘எஃபிஷியன்ஸி’ வெச்சுக்கோங்க. 100 இருந்தா ரேம்லயே ஓடுது, எறங்குச்சுன்னா டிஸ்க்குக்கு போயிடுச்சு. ரேம் வாங்கலாமா வேணாமான்னு முடிவு பண்றதுக்கு இத விட நல்ல அளவுகோல் எனக்கு தெரியல, சாதாரண வேலைக்கே 60, 70ன்னு எறங்கிக் கெடந்தா அப்ப தாராளமா வாங்குங்க.

சாதாரண வேலன்னு ஏன் சொல்றேன்னா, பாதி நேரம் தப்பு ஃபைலு மேல தான். வெளிய இருந்து வர்ற டிசைன் 10க்கு 8 அடி ஃப்ளெக்ஸு, 300 டிபிஐல, அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி. கணக்கு போடுங்க, 120 இன்ச்சு பெருக்கல் 300, அகலம் மட்டும் 36,000 பிக்சல், ஒசரம் 28,800. நூறு கோடி பிக்சலுக்கு மேல, பிரிண்டுக்கு போடற நாலு கலர் சிஎம்ஒய்கேல ஒரு முழு லேயருக்கே 4 ஜிபி தாண்டுது, இதுல அம்பது மூஞ்சி, ஒவ்வொன்னுக்கும் ஷேடோ, வெள்ள அவுட்லைன். பிஎஸ்டி ஃபைலுக்கு லிமிட்டே 30,000 பிக்சலும் 2 ஜிபியும் தான், அதுக்கு மேல போனா பெரிய ஃபைலுக்குன்னு இருக்கற பிஎஸ்பில சேவ் பண்ணணும். அதே ஃப்ளெக்ஸ 72 டிபிஐல போட்டா ஒரு லேயருக்கு 240 எம்பி கிட்ட தான் வருது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து பாக்கறவனுக்கு ரெண்டும் ஒன்னு தான், சந்தேகம் இருந்தா 100 போடுங்க, அதுக்கு மேல வேணாம். விசிட்டிங் கார்டுக்கு உள்ள கணக்க ஃப்ளெக்ஸுக்கு போடறவங்க கிட்ட எத்தன தடவ சொன்னாலும் ‘குவாலிட்டி’ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடறாங்க.

கோரல் டிராவுல டிசைன் பண்ற ஆளுங்களுக்கு: பழைய எக்ஸ்4, எக்ஸ்5 எல்லாம் 32 பிட், சிஸ்டத்துல 32 ஜிபி போட்டாலும் அதுக்கு 4 ஜிபிக்கு மேல கண்ணு தெரியாது. 2012ல வந்த எக்ஸ்6ல இருந்து தான் 64 பிட். அதனால எக்ஸ்4க்காக ரேம் வாங்கறது வீண் செலவு.

பழைய போட்டோஷாப்ல ‘96க்கும் 8க்கும் நடுவுல நம்பர் குடு’ன்னு பைத்தியம் மாதிரி ஒரு மெசேஜ் வந்தா அது ரேம தப்பா படிக்கற பிரச்சனை, விண்டோஸ் செட்டிங்ஸெல்லாம் பதிஞ்சு கெடக்கற ரெஜிஸ்ட்ரில அந்த போட்டோஷாப் வெர்ஷனுக்குள்ள ‘ஓவர்ரைடு பிசிக்கல் மெமரி எம்பி’ (OverridePhysicalMemoryMB)ன்னு எடமே விடாம ஒரு டிவேர்டு (நம்பர் வைக்கற என்ட்ரி) போட்டு, டெசிமல்ல 8 ஜிபிக்கு 8192, 16க்கு 16384 குடுத்தா நின்னுடும். ரெஜிஸ்ட்ரிய பேக்கப் எடுக்காம தொடாதீங்க.

பேஜ் ஃபைல் போட்டு, சி டிரைவ காலி பண்ணி, இதெல்லாம் மாத்துன அப்புறம் கடைல அதே 8 ஜிபில தான் சீசன் ஓடுது. பெரிய ஃபைல் வந்தா கொஞ்சம் தெணறும், நிக்கல. அண்ணன் இப்ப ஆர்ஐபி, அதாவது டிசைன ஃப்ளெக்ஸ் மெஷினுக்கு புரியற மாதிரி மாத்தி அனுப்பற சாஃப்ட்வேர், ஓடற சிஸ்டத்தயும் 11 ஆக்கிடலாமான்னு கேக்கறாரு. அத நெட்ட புடுங்கிட்டு இருக்கறபடியே விடுங்கன்னு சொல்லிட்டேன், மெஷின் டிரைவர் 11ல ஓடும்னு மெஷின் வித்தவங்க வாயால சொல்ற வரைக்கும் அதுல கை வைக்கப் போறதில்ல.