ஆறு கொடி, நான்கு பழம்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ராக் மெலன்

போன வருடம் விளைந்த முதல் ராக் மெலனை, அதாவது முலாம்பழத்தை, அறுத்துக் கொடுத்ததும் அம்மா சொன்னது: "வாசம் நல்லாருக்குய்யா, இனிப்புதான் இல்ல." பறித்து நாலு நாள் வைத்திருந்தும் அப்படித்தான். மாம்பழத்தில் மாவுச்சத்து இருப்பதால் பறித்த பிறகும் அது சர்க்கரையாக மாறும். முலாம்பழத்தில் அந்த இருப்பு கிடையாது. பறித்த பின் மணக்கும், குழையும், இனிப்பு மட்டும் ஏறாது. கடைசி நாள் வரை இலை செய்து அனுப்புவதுதான் அதன் சர்க்கரை. நானோ நவம்பர் மழையில் இலையெல்லாம் கருகிய கொடியில் மூன்று காய்களை விட்டிருந்தேன்.

அதனால் இந்த முறை மழை குறையும் மாதம் பார்த்து ஜனவரி 6-ஆம் தேதி விதைத்தேன். ஆறு பாலி பேக். தோட்ட மண், நன்றாக மக்கிய ஆட்டெரு, உமிக்கரி. மேலே பிவிசி குழாய் வளைத்து தெளிவான பிளாஸ்டிக் கூரை. வெயிலை விட இங்கே இலை ஈரம்தான் பெரிய எதிரி. நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் கட்டங்கள் விழுந்தால் அடிச்சாம்பல் நோய் வந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் வேரில்.

கொடியை ராஃபியா கயிற்றில் நேராக ஏற்றி, எட்டாவது இலை வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டேன். 9 முதல் 12 வரை உள்ள கிளைகளில்தான் காய். 25-ஆவது இலையில் நுனியை வெட்டினேன்.

36-ஆம் நாள் தைப்பூசம். அன்றைக்கென்று நான்கு கொடிகளில் பெண் பூ விரிந்திருந்தது, அடியில் பஞ்சு போர்த்திய சின்ன மணியோடு. வெயில் ஏறினால் மகரந்தம் வீணாகிவிடும். ஆண் பூவின் இதழை உரித்து ஒவ்வொன்றாகத் தடவி முடித்துவிட்டுத்தான் ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குக் கிளம்பினோம். மற்ற இரண்டையும் மறுநாள் தடவினேன்.

காய் முட்டை அளவு வந்ததும் ஒரு கொடிக்கு ஒன்றை நிறுத்தி மற்றதைக் கிள்ளியபோது மனசு கேட்கவில்லை. ஆனால் அதுதான் சரி. அதுவரை போட்ட 15:15:15 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவு) பச்சை நிற உரத்தை நிறுத்தி, பொட்டாசியம் கூடுதலான 12:12:17 நீல நிற உரத்துக்கு மாறினேன். காய்க்குத் தாள் சுற்றி, வெங்காய வலைப் பையில் தொங்கவிட்டேன். ஒன்றுக்குத் தாள் சுற்ற இரண்டு நாள் தாமதமானது, பழ ஈ குத்திவிட்டது. இன்னொன்று மகரந்தம் தடவிய 34-ஆம் நாள் வெடித்தது. கூரைத் தண்ணீர் அந்தப் பைக்குள் இறங்கியதைப் புயல் மழை ஓய்ந்த பிறகுதான் பார்த்தேன். காய்ந்த வேர் ஒரே மூச்சில் குடித்தால் தோல் தாங்காது.

மீதி நான்குக்கும் கடைசி வாரம் தண்ணீரைப் பாதியாகக் குறைத்தேன். தோலில் வலை முழுசாகப் படர்ந்து, காம்பைச் சுற்றி மெல்லிய வட்டக் கீறல் விழுந்தது மார்ச் 24-இல், தைப்பூசத்திலிருந்து 41-ஆம் நாள். பெரியது 1.3 கிலோ. காம்பு வரை இலைகள் பச்சையாகவே இருந்தன.

அம்மா இரண்டாவது துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு பழம் பக்கத்து வீட்டு மாக்சிக்குக்கு, அதாவது மலாய் அத்தைக்கு, போனது.

ஜூனில் மறுபடி மழை குறையும். எட்டுப் பைகளுக்கு மண் கலந்து வைத்திருக்கிறேன். இந்த முறை கூரையின் சரிவு வேலிப் பக்கம்.