டிவ்வி அப்: ஸ்பீக்கிங்ல தாராளமா சொல்லுங்க, எஸ்ஸேல எழுதிடாதீங்க

ஐஇஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் எக்ஸாமோட ஸ்பீக்கிங்குக்கு படிக்கிற நிறைய பேர் நீளமா ஒரு இடியம் லிஸ்ட்ட வச்சு மனப்பாடம் பண்றாங்க, எக்ஸாமினர் முன்னாடி போய் உக்காந்தா அதுல பாதி வாய்லயே வராது, வர்றதும் ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். நான் கொஞ்சம் வார்த்தைய மட்டும் எடுத்துக்கிட்டு ஒவ்வொண்ணும் எங்க செல்லும் எங்க செல்லாதுன்னு நோண்டி நோண்டி படிச்சேன், அதுல நல்லா கைகொடுத்தது டிவ்வி அப்.

மொத்தமா இருக்கிற ஒண்ண பல பேர் பங்கு போட்டு பிரிச்சுக்கிறதுதான் அர்த்தம். பணம், வீட்டு வேலை, பீட்சா, தாத்தா சொத்து, எதுவா வேணா இருக்கட்டும். டிவிடெண்ட்ங்கிறது சுருங்கி வந்த வார்த்தை இது, இங்கிலாந்துல கூட்டுறவு கடைங்க உறுப்பினருக்கு லாபத்துல குடுத்த பங்குக்கு பேரே டிவ்விதான், 1844ல ராச்டேல் ஊர்ல ஆரம்பிச்ச சங்கம் அவங்கவங்க வாங்கின சரக்குக்கு ஏத்த மாதிரி அத பிரிச்சு குடுத்துச்சு. சிகாகோவுல 2013ல வந்த ஷேரிங் சைக்கிளுக்கும் அதே பேர். ஆனா பிரிட்டன்ல ஒரு ஆளப் பாத்து டிவ்வின்னு மட்டும் சொல்லிடாதீங்க, லூசுன்னு திட்டுற மாதிரி.

எல்லாரும் வழுக்குற இடம் ஷேர். ஷேர் வர்ற எடத்துலல்லாம் இது வராது. ஃபோட்டோ, கவலை, அனுபவம் இதெல்லாம் டிவ்வி அப் பண்ண முடியாது, ஏன்னா குடுத்தாலும் நம்மகிட்ட குறையாது. தம்பியோட ஒரே ரூம்ல இருக்கேன்னு சொல்ல வந்து டிவ்வி அப் போட்டீங்கன்னா நடுவுல சுவர் கட்டி பாகப்பிரிவினை பண்ண மாதிரி ஆயிடும். சிப் இன் வேற, அது ஆளாளுக்கு காசு போடுறது. டிஷ் அவுட்னா ஒருத்தர் எல்லாருக்கும் எடுத்து குடுக்குறது.

கிராமர்ல ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, இட், தெம் வந்தா நடுவுலதான் வரணும், டிவ்வி இட் அப் சரி, டிவ்வி அப் இட் தப்பு. பாஸ்ட் டென்ஸ் டிவ்வீட்.

ஸ்பீக்கிங் பார்ட் 2ல தலைப்பு எழுதின ஒரு கார்ட குடுத்து, ஒரு நிமிஷம் யோசிக்க டைம் குடுத்துட்டு ரெண்டு நிமிஷம் வரைக்கும் பேச விடுவாங்க. டீமா செஞ்ச வேலை, யாருக்காவது பண்ண உதவின்னு கார்டு வந்தா இதுக்கு நல்ல இடம். அக்கா கல்யாணத்த பத்தி பேசுறீங்கன்னு வைங்க, "தேர் வாஸ் சோ மச் டு டூ, சோ வீ டிவ்வீட் இட் அப், மை கசின் டுக் கேர் ஆஃப் த ஃபுட் அண்ட் ஐ லுக்ட் ஆஃப்டர் த கெஸ்ட்ஸ்"னு போங்க. யார் யார் எந்த வேலைய எடுத்தாங்கன்னு பின்னாடியே சொல்லிடுறதால வார்த்தைய சும்மா திணிச்ச மாதிரி தெரியாது, பேச்சும் தானா நீளும். வொக்கபுலரிக்கு பேண்ட் 7ங்கிற மார்க்குக்கு கேக்குறதே அபூர்வமான வார்த்தை கொஞ்சம், கூடவே எந்த வார்த்தை எதோட சேரும், எந்த ஸ்டைலுக்கு பொருந்தும்னு ஓரளவு தெரியணும்ங்கிறதுதான், சும்மா கஷ்டமான வார்த்தைய கொட்டினா மார்க் வராது.

ரைட்டிங் டாஸ்க் 2 எஸ்ஸேல கவர்ன்மென்ட் பட்ஜெட்ட டிவ்வி அப் பண்ணணும்னு எழுதினா டீக்கடை பேச்சு மாதிரி இருக்கும், அங்க அலோகேட், டிஸ்ட்ரிப்யூட் போடுங்க. ஐஇஎல்டிஎஸ்ல ஜெனரல் ட்ரெய்னிங்ங்கிற வகைய எழுதுறவங்க டாஸ்க் 1ல ஃப்ரெண்டுக்கு லெட்டர் வந்தா, ட்ரிப் செலவ எப்படி பிரிச்சுக்கலாம்னு கேக்குற எடத்துல தாராளமா போடலாம், மேனேஜருக்கோ வீட்டு ஓனருக்கோ எழுதுறப்போ கிட்டயே போகாதீங்க.

அப்புறம் ஒரே இன்டர்வியூல ஒரு தடவ சொன்னா போதும், மறுபடி தேவைப்பட்டா ஸ்ப்ளிட் போட்டுட்டு போயிட்டே இருங்க.