பிள்ளையோடு பைக்கில் நெடும்பயணம்

மகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பைக்கில் நெடுந்தூரம் கிளம்புகிறேன் என்றதும், "சின்னப் பிள்ளையைப் போய்..." என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டார்கள். கேட்பது நியாயம்தான். எதைப் பார்த்து முடிவெடுத்தேன் என்று எழுதிவிடுகிறேன்.

வயதைவிட முக்கியம் கால். பின்னிருக்கையில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் ஃபுட்ரெஸ்ட்டில் அழுத்தமாகப் பதிய வேண்டும். பதியவில்லையா, இன்னும் ஒரு வருடம் காத்திருங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. டேங்க் மேல் முன்னால் உட்காரவைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். சடன் பிரேக் போட்டால் ஹேண்டில்பாருக்கும் உங்கள் உடம்புக்கும் நடுவில் நசுங்குவது பிள்ளைதான்.

ஹெல்மெட்டுக்குத்தான் நிறைய அலைந்தேன். குழந்தைகளுக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது, கழுத்துத் தசை இளசு. பெரியவர்களின் முழு ஹெல்மெட் ஒன்றரை கிலோ அளவுக்கு வரும். அதை அந்தக் கழுத்தில் ஏற்றக் கூடாது. வாரை மாட்டிவிட்டு, பின்பக்கத்திலிருந்து மேலே தூக்கிப் பார்த்தேன். கழன்று வரவில்லை, சரி என்று வாங்கினேன். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும் என்பதால் அவள் காதளவுக்குக் காதடைப்பானும் வாங்கியாயிற்று.

அப்புறம் தூக்கம். பிள்ளைகள் பேசிக்கொண்டே வந்து அப்படியே தூங்கிவிடுவார்கள். அவளை என்னோடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ் வார் உண்டு, ஆனாலும் அதை நம்பித் தூங்கவிட மாட்டேன். இடுப்பைப் பிடித்திருக்கும் கை தளர்ந்தாலே வண்டியை ஓரம் கட்டிவிடுவேன். இருட்டும் முன் தங்குமிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். என் முதுகில் அவள் இரண்டு தட்டு தட்டினால், ஏன் எதற்கு என்று கேட்காமல் நிறுத்துவதாகவும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.