மறைந்து வருபவனுக்கு எத்தனை மில்லிவினாடி?

கோலாலம்பூரில் துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமின் ப்ளேடெஸ்ட் (வெளியிடும் முன் ஆடிப் பார்க்கும் சோதனை) முடிந்து ஹெட்போனைக் கழற்றும் பையன்கள், கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து தாக்கும் பாத்திரத்தைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் ஒரே புகார்தான்: "அண்ணே, எங்கிருந்து வந்தான்னே தெரியல, அதுக்குள்ள செத்துட்டேன்." அதைக் கேட்டதும் புது டிசைனரின் கை போகும் இடமும் ஒன்றே. அந்தப் பாத்திரம் மறைந்திருக்கும் நேரம் 8 வினாடி என்றால் அதை 6 ஆக்குவார். அடுத்த வாரப் பில்டிலும் (கேமின் சோதனைப் பதிப்பிலும்) அதே புகார் வரும். செத்தவன் நொந்துகொண்டது 8 வினாடியை அல்ல, கடைசி அரை வினாடியை.

அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது, மறைவு கலையத் தொடங்கியதிலிருந்து முதல் தோட்டா புறப்படும்வரை உள்ள இடைவெளி. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எதிராளிக்கு ஹெல்த் (உயிர்ப் புள்ளி) 200. துப்பாக்கி நிமிடத்துக்கு 600 தோட்டா, தோட்டாவுக்கு 20 டேமேஜ் (குறையும் உயிர்ப் புள்ளி). 10 தோட்டா தேவை, நடுவே 9 இடைவெளி, ஆக 900 மில்லிவினாடி. தலையில் பட்டால் இருமடங்கு என்றால் 5 தோட்டா, 400 மில்லிவினாடி. மறைந்து முதுகுக்குப் பின்னால் வந்தவன் ஆற அமரத் தலைக்குத்தான் குறிவைப்பான், ஆகவே 400 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கலைவுக்கு, அதாவது முன்சொன்ன இடைவெளிக்கு, 300 வைத்தால் மொத்தம் 700. திரையில் ஒன்று தோன்றும் என்று காத்திருப்பவருக்கே விரலை அசைக்க 200 முதல் 250 ஆகிறது. இங்கே அவர் காத்திருக்கவும் இல்லை. திரும்ப வேண்டும், தேட வேண்டும், சுட வேண்டும்.

அந்த 700கூட முழுசாக அவர் கைக்கு வராது. இருவருக்கும் பிங் (செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) 40 மில்லிவினாடி, சர்வர் 64 டிக், அதாவது ஆட்ட நிலையை வினாடிக்கு 64 முறை புதுப்பிக்கிறது என்று வையுங்கள். தாக்குபவனின் செய்தி சர்வர் வழியாக எதிராளியைச் சேர 40, டிக்குக்குக் காத்திருப்பது சராசரி 8, அசைவைச் சீராகக் காட்டும் இன்டர்பொலேஷனுக்கு இரண்டு டிக், அதாவது 31. ஏறக்குறைய 80 மில்லிவினாடி வழியிலேயே போய்விடும். பிங் 90 ஆனால் இழப்பு 130. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் சர்வருக்கு ஆடும்போது சரியாக இருந்த பாத்திரம், தோக்கியோ சர்வரில் அநியாயமாகத் தெரிவதற்கு இதுவே போதும். ஆபீஸுக்குள்ளான லேன் நெட்வொர்க்கில் மட்டும் சோதித்துவிட்டு எண்ணைப் பூட்டுவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. செயற்கையாக 90 பிங் ஏற்றி ஒரு சுற்று ஆடிப் பார்த்தால் அன்றே தெரிந்துவிடும்.

2007இல் வந்த டீம் ஃபோர்ட்ரெஸ் 2 என்ற கேமில் மறைந்து தாக்கும் பாத்திரமான ஸ்பை இன்னமும் நல்ல பாடம். சாதாரண மறைவுக் கைக்கடிகாரம் 10 வினாடியில் காலியாகும், தானாக நிரம்ப 30 வினாடி. மறைய 1 வினாடி, வெளிப்பட 2 வினாடி. முழுசாக வெளிப்படும்வரை தாக்க முடியாது, வெளிப்படும் சத்தமும் கேட்கும், யார்மீதாவது மோதினால் உருவம் மின்னிக் காட்டிக்கொடுக்கும். முதுகில் ஒரே குத்தில் கொல்லும் கத்தியை அவன் கையில் கொடுக்கத் துணிந்தது இத்தனை கடிவாளங்களை நம்பித்தான். ஓவர்வாட்ச் என்ற கேம் வேறு வழியில் போனது. 2016இல் அதில் சோம்ப்ரா என்ற பாத்திரம் வந்தபோது மறைவு 6 வினாடி. 2018இல் அதற்குக் கால வரம்பே இல்லாமல் செய்தார்கள். பதிலுக்கு, கைப்பற்ற வேண்டிய இடத்துக்கு மறைந்தபடியே போட்டியிட முடியாது என்று ஆக்கி, வேகத்தைக் குறைத்து, எதிரி கண்டுபிடிக்கும் தூரத்தையும் கூட்டினார்கள். கால அளவு ஒரு திருகாணி மட்டுமே என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்தத் திருகாணியைத் திருகும்போதும் வினாடியில் யோசிக்காமல் மீட்டரில் யோசிப்பது நல்லது. வினாடிக்கு 6 மீட்டர் ஓடுபவன் 8 வினாடியில் 48 மீட்டர் போவான். மேப்பில் பதுங்கும் இடத்திலிருந்து எதிரியின் பின்புறம் 40 மீட்டர் என்றால் அவனுக்கு ஆபத்தே கிடையாது. வழியில் ஒரு இடத்திலாவது வெளிப்பட்டு மூச்சுவிடும்படி செய்ய வேண்டும். கூல்டவுன் (திறனை மறுபடி பயன்படுத்தும் முன் காத்திருக்கும் நேரம்) எப்போது தொடங்குகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. 8 வினாடி மறைவு, 12 வினாடி கூல்டவுன். மறைவு முடிந்தபின் எண்ணினால் ஆட்டத்தில் 40 சதவீத நேரம் மறைந்திருப்பான். பொத்தானை அழுத்தியதுமே எண்ணத் தொடங்கினால் 67 சதவீதம். அட்டவணையில் இரண்டும் "12" என்றே இருக்கும்.

சத்தம்தான் பாதிக்கப்படுபவரின் உண்மையான ஆயுதம், பின்னால் இருப்பதைக் கண் பார்க்காது. ஆனால் சவுண்ட் எஞ்சின் ஒரே நேரத்தில் 32 ஒலிகளை மட்டும் ஒலிக்கவிடும்படி அமைந்திருந்தால், பெரும் சண்டையில் வெடிச்சத்தம் கலைவுச் சத்தத்தை வெளியே தள்ளிவிடும். மிகத் தேவையான கணத்தில் அது கேட்காது. அதற்கு உச்ச முன்னுரிமை கொடுத்து, அந்த நேரம் மற்ற ஒலிகளைச் சற்றே அமுக்க வேண்டும். தசரதன் ஒலியை வைத்தே அம்பு விட்டு என்ன ஆனான் என்பது நமக்குத் தெரியும். ஆகவே வேறு எந்தத் திறனுக்கும் அதே சாயலில் சத்தம் வைக்கக் கூடாது.

இனி ஒழுகல்கள். மறைவைத் திரையில் வரையும் ஷேடர் நிரல் அழகாக இருக்கும், ஆனால் பாத்திரம் வேறு பத்து இடத்தில் கசியும். நிழல் தரையில் கிடக்கும். இடுக்குகளை இருட்டாக்கும் ஆம்பியன்ட் ஒக்லூஷன் விளைவு உடலைச் சுற்றி மெல்லிய கறையைப் பூசும். கேமின் கடையில் விற்ற துப்பாக்கித் தொங்கட்டானுக்குத் தனி மெட்டீரியல் (பரப்பின் தோற்ற அமைப்பு) என்பதால் அது மட்டும் காற்றில் மிதந்து வரும். மழை மேப்பில் துளிகள் வெற்றிடத்தில் பட்டுத் தெறிக்கும். கண்ட்ரோலரில் ஆடுபவருக்குக் குறிவைக்க உதவும் எய்ம் அசிஸ்ட், ஒன்றுமில்லாத இடத்தில் குறியை மெதுவாக்கிக் காட்டிக்கொடுக்கும். இது கண்ணுக்குத் தெரியாததால் கடைசியில்தான் பிடிபடும். பாத்திரத்துக்கு ஒவ்வொரு புது ஸ்கின் (உடைத் தோற்றம்) வரும்போதும் இந்தச் சோதனையை மறுபடி ஓட்ட வேண்டும், ஒருமுறை பார்த்தாயிற்று என்று விட முடியாது.

சர்வர் பக்கம் கசிவது இன்னும் மோசம். மறைந்தவனின் துல்லிய இடத்தை எதிராளியின் கணினிக்கு அனுப்பிவிட்டு ஷேடரை நம்பினால், ஏமாற்று மென்பொருள் வைத்திருப்பவனுக்கு மறைவே இல்லை. வேலரன்ட் என்ற கேம் 2020இலேயே, பார்வைக்கு வர வாய்ப்பில்லாத எதிரியின் இடத்தை அனுப்பாமல் தடுக்கும் முறையை வைத்தது. மறைவுக்கும் அதே வழிதான், ஆனால் காலடிச் சத்தத்துக்கு ஏதாவது ஒரு இடம் வேண்டுமே. துல்லியத்தைக் குறைத்து, சத்தம் எழும் கணத்தில் மட்டும் தோராய இடத்தை அனுப்புவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

வெற்றி சதவீதத்தைப் பார்த்து இதை அளக்காதீர்கள். திறமை குறைந்தவர்களிடம் இந்தப் பாத்திரம் கொடூரமாகவும், மைக்கில் பேசியபடி ஆடும் அணியிடம் சாதுவாகவும் இருக்கும். இரண்டும் கலந்து 50ஐ ஒட்டி நிற்கும். கலைவுக்குப்பின் செத்தவர்களில் ஒரு தோட்டாகூடத் திருப்பிச் சுடாதவர்கள் எத்தனை பேர், கலைவுக்கும் அவர்களின் முதல் அசைவுக்கும் இடையே எவ்வளவு நேரம், இந்த இரண்டையும் பதிவு செய்தால் போதும்.

வெளியிடும் முன் பில்டை சைபர் கஃபேயில் இருப்பதைப் போன்ற பழைய கணினியில், கிராஃபிக்ஸை அடிமட்டத்தில் வைத்து ஓட்டுங்கள். மறைவைக் காட்டும் ஒளிவிலகல் விளைவு அணைந்ததும் மறைந்தவன் ஒன்று சுத்தமாகக் காணாமல் போவான், அல்லது சாம்பல் பொம்மையாக நிற்பான். திரையின் வெளிச்சத்தையும் நிறத்தையும் ஏற்றி ஆடுவோருக்கு மங்கல் விளிம்பு பளிச்சென்று தெரியும். மணல் சுவர், இருட்டுத் தாழ்வாரம், பச்சைப் புதர் என்று மூன்று பின்னணியில், 5 மீட்டரிலும் 15 மீட்டரிலும், நின்றும் நடந்தும் பார்க்க வேண்டும். மொத்தம் 12 படம். அரை மணி நேர வேலை.