கச்சான் அடங்கினால் மீன் பாடும்

கனடாச் சித்தப்பா மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வந்து இறங்கியதும் முதலில் கேட்பது எருமைத் தயிர், அடுத்தது பாடும் மீன், அதாவது நிலவு இரவில் வாவித் தண்ணீருக்குள் இருந்து எழும் சத்தம். “எங்கட காலத்தில கல்லடிப் பாலத்தில சும்மா நின்டாலே கேக்கும் மனே. இப்ப எல்லாம் போச்சு” என்பார். இந்தக் கதையில் பாதி புளுகு. தண்ணீருக்குள் எழும் சத்தம் மேற்பரப்பில் பட்டு அப்படியே உள்ளே திரும்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்கு வரும். பாலத்தில் நின்று கேட்டதெல்லாம் இரும்பு முனகியதாகத்தான் இருக்கும்.

மீதிப் பாதி உண்மை. 1924இல் வந்த பழைய பாலம் ஒற்றை வழி. அந்தப் பக்கத்து பஸ் ஏறி வரும்வரை இந்தப் பக்கத்து லொறி காத்து நிற்கும். இராப் பத்து மணிக்குமேல் காத்து நிற்கவும் ஆளில்லை. 2013இல் பக்கத்திலேயே புதுப்பாலம் வந்ததோடு இரண்டு பக்கமும் ஓட்டம் ஓயாது. அந்த அதிர்வு தூண் வழியாக வாவிக்குள் இறங்கும். ஆகையால் இப்போது காதை வைத்தால் முதலில் பாடுவது சீமெந்து லொறி.

இருந்தாலும் சித்தப்பாவைச் சும்மா அனுப்ப முடியாதே. முதல் சிக்கல் நாள். தீர்த்தம் ஆடி அமாவாசையில், மீனுக்கு வேண்டியது பூரணை; பதினைந்து நாள் சாப்பாடு போட்டு அவரை வைத்திருக்க வேண்டும். சித்திரை முதல் புரட்டாதி வரைதான் பருவம். மாரியில் வெள்ளம் இறங்கி, முகத்துவாரம் வெட்டி, வாவி கலங்கி ஓடும். அப்போது தோணி நிற்கவே நிற்காது, மறுகா எங்கே கேட்பது? சரி பூரணை என்று பார்த்தால் அது போயா விடுமுறை. ஊர் முழுக்கக் கல்லடிக் கடற்கரையில், பாலத்தில் வரிசையாகக் கைபேசி வெளிச்சம். ஒரு நாள் முந்தியோ பிந்தியோ போவதே புத்தி. நிலவுக்கு அந்த ஒரு நாள் பெரிய வித்தியாசம் இல்லை, சனத்துக்கு உண்டு.

பதினொரு மணிக்குமேல், பகலில் அடித்த கச்சான் காற்று அடங்கிய பிறகு இறங்கலாம். அலை தோணியில் தட்டினால் அந்தச் சளப் சளப் எல்லாவற்றையும் மூடிவிடும். தோணியில் தோணிக்காரரோடு மூன்று பேர் போதும். நாலாவது ஆள் இடம் மாறி உட்காரவே பிறந்தவர். எஞ்சின் போட்டால் நூறு மீற்றர் முன்னமே நிறுத்தி மிதந்து போய், பத்து நிமிடம் பொறுக்க வேண்டும்.

சத்தத்தைக் காதுக்குக் கொண்டுவருவது துடுப்புத்தான். அது மரத்தில், வெடிப்பில்லாததாக இருக்கட்டும். பொள்ளல் அலுமினியக் குழாய் சிற்றலை பட்டாலே கணகணக்கும். பலகைப் பக்கத்தை இரண்டு மூன்று அடி தண்ணீருக்குள் அமிழ்த்தி, தோணியின் விளிம்பில் முட்டாமல் பிடித்து, பிடியின் நுனியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்த வேண்டும். காது ஓட்டைக்குள் திணிப்பதல்ல, அதைச் சொல்லியும் திணிப்பார்கள். மற்றக் காதை உள்ளங்கையால் அடைக்க வேண்டும். கை தளர்ந்தால் பாலம் கேட்கும், இறுக்கினால் நாடித்துடிப்பு கேட்கும். பலர் “மீன்” என்று கொண்டாடுவது அந்தத் துடிப்பைத்தான். துடிப்புக்கு ஒரே தாளம் இருக்கும். வாவிச் சத்தம் நரம்பை மீட்டியதுபோல் மெல்லியதும் தடித்ததுமாகக் கலந்து வரும்.

1848இல் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் இங்கே கேட்டபோது, அது மீனில்லை, ஊரி என்ற நத்தைச்சிப்பி அழுகிறது என்றுதான் மீனவர் சொன்னார்கள். ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று பெயரெடுத்த ஊருக்கு ‘ஊரி அழும் தேன்நாடு’ என்று பலகை எழுத முடியுமா? மீனே இருக்கட்டும்.

இன்னுமொன்று. கடற்கரையில் வாங்கிய கச்சான் சரையை, காற்றல்ல, வறுத்த நிலக்கடலைச் சரையை, சித்தப்பாவின் சட்டைப்பையிலிருந்து முதலிலேயே எடுத்துவிட வேண்டும். அயத்துப்போனால் நடப்பது இது: எஞ்சின் நின்று, பாலம் ஓய்ந்து, நிலவு நடு வாவியில் நிற்கும். துடுப்பைத் தாடைக்குமேல் அழுத்திய சித்தப்பாவின் கண் கலங்கும்.

“மனே, கேக்குது! கரகரண்டு கேக்குது! எங்கட காலத்தில கேட்ட அதே சத்தம்!”

“ஐயா,” என்பார் தோணிக்காரர், “வாயில இருக்கிறத முழுங்கிப்போட்டுக் கேளுங்க.”