அடைப்புக்குறி நாட்கள்

மார்ச் 3, திங்கள்

மைக்ரோசாஃப்ட்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸைத் திறந்து 12 ஆண்டுகள் ஆகிவிட்டன. உறுப்பினர் பட்டியலில் ஒரு பதிவை நீக்கும் முன் மெசேஜ் பாக்ஸ் என்ற சிறு பெட்டியில் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும், வேலை அவ்வளவுதான். செய்தியையும் பொத்தான் வகையையும் அடைப்புக்குறிக்குள் இட்டு எண்டர் தட்டியதும் வரி முழுவதும் சிவந்துவிட்டது. சமக்குறி வேண்டுமாம். மெசேஜ் பாக்ஸ் எழுத எனக்குத் தெரியவில்லை என்பதை ஒரு மெசேஜ் பாக்ஸே வந்து தெரிவித்தது.

மார்ச் 4, செவ்வாய்

கண்ணுக்குச் சொட்டு மருந்து நான்கு வேளை. சமக்குறியை எங்கே இடுவது?

மார்ச் 6, வியாழன்

விளங்கிவிட்டது. செய்தி மட்டும் இருந்தால், அதைச் சுற்றி அடைப்புக்குறி இட்டாலும் ஆக்சஸின் நிரல் மொழியான விபிஏ முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிறது. அந்தச் சலுகையில்தான் நான் ஏமாந்தேன். இரண்டாவது மதிப்பு சேர்ந்துவிட்டால், ஒன்று, திரும்பி வரும் விடையை வாங்கிக்கொள்ள இடப்பக்கத்தில் ஒரு மாறி நிற்க வேண்டும், அல்லது விடையே வேண்டாம் என்று அடைப்புக்குறியை எடுத்துவிட வேண்டும். நான் முன்பு பழகிய தரவுத்தள மொழியான விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவிலும் செய்தி, வகை, தலைப்பு என்ற இதே வரிசைதான், ஆனால் அடைப்புக்குறி எப்போதும் உண்டு. என் கை இன்னும் அங்கேயே இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

‘நோ’ பொத்தானை அழுத்தினேன். பதிவு போய்விட்டது.

மார்ச் 8, சனி

அட்டவணையைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு நான்கு முறை சோதித்தேன். நான்கு முறையும் போயிற்று. மருந்து விட்ட கண்ணோடு பொத்தானை மாற்றி அழுத்துகிறேனோ என்று என்னையே சந்தேகித்தேன். கடைசியில் விடையை இமீடியட் விண்டோ என்ற சோதனைச் சாளரத்தில் அச்சிட்டுப் பார்த்தேன்: 7. ‘யெஸ்’ என்றால் 6, ‘நோ’ என்றால் 7. நானோ ‘இஃப்’ என்பதற்கும் ‘தென்’ என்பதற்கும் நடுவில் மெசேஜ் பாக்ஸை அப்படியே வைத்துவிட்டு, விடையை எதனுடனும் ஒப்பிடாமல் விட்டிருக்கிறேன். சுழியம் அல்லாத எந்த எண்ணும் அங்கே உண்மை என்றே கொள்ளப்படும். ஆகவே எதை அழுத்தினாலும் நீக்கச் சொன்னதாகவே பொருள். 6-உடன் ஒப்பிட்ட பிறகுதான் பதிவு நிலைத்தது. இந்தப் பிழைக்குச் சிவப்பு வரியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

மருந்து மூன்று வேளையாகக் குறைந்தது.

மார்ச் 10, திங்கள்

பொத்தான் வகைக்கு இடும் எண்கள் 4, 32, 256, கூட்டினால் 292. ‘யெஸ்-நோ’ பொத்தான்கள், கேள்விக்குறிப் படம், இரண்டாவது பொத்தானே முன்தேர்வு. வெறும் 292 என்று எழுதினாலும் ஓடும், ஆனால் அடுத்த மாதம் அது எனக்கே புரியாது. அந்த எண்களுக்குரிய மாறிலிப் பெயர்களையே எழுதினேன். அந்த 256 இருப்பதால், யோசிக்காமல் எண்டர் தட்டினாலும் ‘நோ’ என்றே ஆகும்.

மார்ச் 11, செவ்வாய்

இனிச் செய்தி தமிழில் இருக்கட்டும் என்று ‘நீக்கலாமா?’ என்பதை நோட்பேடில் தட்டி எடிட்டரில் ஒட்டினேன். பத்துக் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. அவற்றில் கடைசி ஒன்று மட்டும் நான் இட்டது.